வெள்ளையடிச்ச வீடும் வெந்நீர்க் குழாயும்

கனடாவில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் என் காலேஜ் ரூம்மேட் ஒருத்தன் டொராண்டோ பக்கம் வீடு வாங்கினான். வாங்குவதற்கு முன்னால் ஒரு மாசம் போனில் ஒரே புலம்பல்.

"மாப்ள, வீடு சூப்பர்டா. ஆனா ஹீட்டிங்தான் பயமா இருக்கு. ஃபர்னஸ் பதினெட்டு வருஷப் பழசு. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஓகே சொன்னாத்தான் கையெழுத்து."

அங்கே குளிர் மைனஸ் 20 வரைக்கும் போகும். கீழ்த்தளத்தில் கேஸில் எரிகிற ஃபர்னஸ், அதிலிருந்து வீடு முழுக்கச் சூடான காற்று. உள்ளே இருக்கிற தகட்டில் விரிசல் விட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு ரூமுக்குள் கசியலாம். வாசனையும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. ஆளையே கொன்றுவிடும்.

நான் சிரித்தேன். "நாங்க மதுரைக்காரய்ங்கடா. எங்களுக்கு ஹீட்டிங்கெல்லாம் மேல இருக்க சூரியன் ஃப்ரீயா பண்ணிக் குடுக்குறார்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் :-)

ஏனென்றால் அதே சமயத்தில் நாங்களும் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். அப்பா அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்கு இப்போ 28 வயசு. அதற்குள் ஒன்பது வாடகை வீடு. சுவத்துல ஆணி அடிக்காதே, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மோட்டார் போடாதே, சொந்தக்காரங்க ரெண்டு நாளைக்கு மேல தங்கக்கூடாது என்று எல்லாச் சட்டமும் கேட்டு வளர்ந்தவன். லோன் என் பேரில், கைக்காசு அப்பாவின் ரிட்டயர்மெண்ட் பணம். அது மொத்தமும் போகுது என்றாலும் அப்பா முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். சித்தப்பா வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

வீடு ஐயர் பங்களா தாண்டி உள்ளே. மூணு சென்ட், பன்னிரண்டு வருஷ வீடு, புதுசா வெள்ளையடித்து பளபளன்னு இருந்தது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்தாச்சு. பேங்க்கிலிருந்து வந்தவர் பத்து நிமிஷம் அளந்துவிட்டுப் போனார். பத்திரப்பதிவுக்குப் பத்து நாள் பாக்கி. இதில் ஒருத்தரும் வீட்டில் ஒரு குழாயைத் திறந்து பார்க்கவில்லை. நான் உட்பட.

வீட்டு ஓனர் ஐயா பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம், "மொட்டை மாடில சோலார் இருக்கு தம்பி, வெந்நீருக்குக் கரண்டே ஆகாது." கனடாக்காரன் புலம்பல் ஞாபகம் வந்தது. சரி, நம்ம வீட்டில் இருக்கிற ஒரே ஹீட்டிங் இதுதானே, பார்த்துவிடுவோம் என்று தெரிந்த பிளம்பர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு விடியக்காலையிலேயே போனேன். அப்பாவும் கூட வந்தார். வெயில் ஏறிவிட்டால் அந்த ட்யூபில் கை வைக்க முடியாது.

அந்தக் கண்ணாடி ட்யூப் ஒவ்வொன்றும் ரெட்டைச் சுவர். நடுவில் வெற்றிடம், நம்ம ஃப்ளாஸ்க் மாதிரி. அடி நுனியில் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒன்று மின்னும். வெற்றிடம் போய்விட்டால் அது பால் வெள்ளையாக மாறிவிடும். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு ட்யூப் வெள்ளை. சரி, மாத்திக்கலாம் என்று நினைத்தேன். அண்ணன் ஒரு நல்ல ட்யூபை உருவினார். உள்ளே சுவரோடு சுவராக சுண்ணாம்பு. விரலால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது.

"தம்பி, இது ட்யூப் கோளாறு இல்ல. தண்ணிக் கோளாறு" என்றார்.

காரணம் ஸ்கூல் கெமிஸ்ட்ரிதான். தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். பச்சைத் தண்ணிக் குழாயில் தெரியாதது வெந்நீர் போகிற பாதையில் வருஷக்கணக்காக எழுதி வைத்த மாதிரி இருக்கும். சுவருக்கு வெள்ளையடிக்கலாம், ட்யூபுக்குள்ளே யார் வெள்ளையடிப்பா? (அது தானாகவே அடித்துக்கொண்டிருந்தது வேற விஷயம்.)

அப்புறம்தான் எனக்குள் இருந்த டெஸ்டிங் ஆள் முழிச்சான்.

முதல் டெஸ்ட், டி.டி.எஸ் மீட்டர். போர் தண்ணியில் 1,940 காட்டியது. குடிதண்ணிக்கு இந்தியத் தரம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரைக்கும். அதாவது ஜஸ்ட் பாஸ்.

இரண்டாவது, அம்மா டெஸ்ட். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா ஒரு பாத்திரத்தில் அதையும், இன்னொன்றில் மாநகராட்சித் தண்ணியையும் ஊற்றி, ரெண்டிலும் ஒரு கை துவரம்பருப்பு போட்டு அடுப்பில் வைத்தார். ஒன்று மசிந்தது. இன்னொன்று முத்து முத்தாக அப்படியே முழித்துக்கொண்டிருந்தது. "மீட்டருக்கு எவ்ளோடா குடுத்த?" என்றார் அம்மா. அவ்வ்வ்வ்.

மூன்றாவதுதான் ஆளைச் சாய்த்தது. ஓனர் ஐயா முன்னாடி மோட்டார் போட்டுக் காட்டியபோது ஆயிரம் லிட்டர் தொட்டி இருபத்தைந்து நிமிஷத்தில் நிறைந்தது. நாங்களும் ஆஹா என்று வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடி ஆழத்துக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணி நிற்கும். நூற்றைம்பது அடிக்குத் தண்ணி நின்றிருந்தால் அதுவே ஆயிரம் லிட்டருக்குக் கிட்டே. அதாவது முதல் தொட்டி என்பது ராத்திரியெல்லாம் ஊறி நின்ற சேமிப்பு. ஊற்று எவ்வளவு என்பது இரண்டாவது தொட்டியில்தான் தெரியும்.

மறுநாள் போய் இரண்டாவது தொட்டிக்கும் ஓட்டினோம். பத்து நிமிஷத்தில் தண்ணி நூலாகி, அப்புறம் வெறும் காத்து. விட்டு விட்டு ஓட்டி, நிறைய இரண்டரை மணி நேரம்.

நம்ம ஊருக்கு அடியில் பெரும்பாலும் கெட்டிப் பாறை. ஆனைமலையைப் பார்த்தாலே தெரியும். தண்ணி பாறை வெடிப்புகளில்தான் ஓடும். பக்கத்து வீட்டுக்கு வெடிப்பு கிடைத்திருக்கும், நமக்குக் கிடைக்காது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "சித்திரை, வைகாசில அவங்களுக்கு லாரித் தண்ணிதான் தம்பி. நீங்க கேக்கலையே, அதான் நாங்களும் சொல்லலை."

நீங்க கேக்கலையே. இந்த ஒரு வார்த்தை மண்டைக்குள்ளேயே சுத்தியது. வக்கீலிடம் கேட்டேன். 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு. தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும், ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. குழாயைத் திறந்து பார்ப்பது சாதாரணக் கவனம்தானே? முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கட்டிவிட்டு அப்புறம் புலம்பி என்ன செய்ய?

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கஷ்டம். எக்ஸெல் ஷீட் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கு மாடியிலயே தெரிஞ்சிருச்சுப்பா" என்றார். "ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்துன வண்டி அப்படித்தான் இருக்கும். முப்பது வருஷம் சுரண்டியிருக்கேன். வண்டி வாங்குறவன் பெயிண்டைப் பார்ப்பான், மெக்கானிக் ஆயிலைத் தொட்டுப் பார்ப்பான். நான் இந்த வீட்டுல பெயிண்டைப் பார்த்துட்டேன்."

அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்பா அப்படித் தலை குனிந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம், இந்தச் சனியன் பிடிச்ச ட்யூபை உருவாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் அப்பாவே ஓனர் ஐயாவிடம் போனார். சண்டை எல்லாம் இல்லை. அவரும் மகள் கல்யாணத்துக்காக விற்கிற மனுஷன்தான். கண்ணைப் பார்க்காமல் "ஆமாங்க, கோடையில கொஞ்சம் கஷ்டந்தான்" என்றார். 2,75,000 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

வாங்கினோம். மாநகராட்சி இணைப்பு இருந்ததால் குடிக்க, சமைக்க அதுவே போதும் என்பதும், மழைத்தண்ணி மேல் ஒரு நம்பிக்கையும் காரணம். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிற்று. இந்த வீட்டிலும் குழாய் இருந்தது, ஆனால் அது நேராகத் தரைக்கு வந்து சிமெண்டில் முடிந்தது! இடித்துக் குழி தோண்டினோம். ஆயிரம் சதுர அடி மாடி, மதுரைக்கு வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. கணக்குப்படி ஏறக்குறைய 79,000 லிட்டர். வழிஞ்சு போறது போக முக்கால்வாசியாவது இறங்காதா? தெப்பக்குளத்தில் பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணி நிரப்ப ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் ஏறியதாக அப்பாவின் டிப்போ சிநேகிதர் சொல்வார். அதுதான் அப்பாவுக்குத் தைரியம்.

வீடு வாங்கப் போகிற மக்களுக்கு என் அனுபவத்தில் நாலே நாலு வரி. ஒன்று, சித்திரை வைகாசியில் பாருங்க, மழைக்காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான். இரண்டு, இரண்டாவது தொட்டி நிறையும் வரை மோட்டாரை ஓட்டச் சொல்லுங்க. மூன்று, கீசரோ சோலாரோ, வெந்நீர் போகிற வழியைத் திறந்து பாருங்க. நாலு, பக்கத்து வீட்டு அக்காவிடம் வாயைத் திறந்து கேளுங்க.

கனடாக்காரனிடம் எல்லாம் சொன்னேன். பயபுள்ள விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும்.

சுரண்டிய சுண்ணாம்புச் செதில் ஒன்றை அப்பா சின்ன டப்பாவில் போட்டு சாமி ஷெல்ஃபில் வைத்திருக்கிறார். ஏன்ப்பா என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். ஷெல்ஃபை மாட்டும்போது சுவத்துல நாலு ஆணி அடித்தார். அடிக்கத் தேவை இரண்டுதான்.