குதிரை மூவகை

பரி என்றால் குதிரை. பரித்தல் என்றால் சுமத்தல். ஊர்தியும் சுமையும் தமிழில் ஒரே ஒலியில் நிற்பதுபோல் அரபியிலும் ஒரு விந்தை உண்டு. குதிரைகளைக் குறிக்கும் ‘கைல்’, செருக்கைக் குறிக்கும் ‘குயலா’, மனத்தில் தோன்றும் நிழலுருவைக் குறிக்கும் ‘கயால்’ ஆகிய மூன்றும் ஒரே வேரின் கிளைகள். குதிரையின் நடையிலேயே செருக்கு இருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது என்பர் அரபு அகராதியாளர். அச்செருக்கு ஏறியமர்ந்தவனையும் தொற்றிக்கொள்ளும் என்பதை அவர்கள் சொல்லாமலே நாம் அறிவோம்.

அண்மையில் ஒரு மாணவரின் பொருட்டு இச்சொற்களை நாம் மீண்டும் எண்ணிப்பார்க்க நேர்ந்தது. சிறுவயதில் நம்மிடம் ஓதியவர். இப்போது பெரம்பலூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு பயில்கிறார். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களின் எத்தனையோ குடும்பங்களைப் போல அவருடைய குடும்பமும் வளைகுடாச் சம்பாத்தியத்தில் தழைத்தது. தந்தையார் சவூதி அரேபியாவில் ஒரு நிறுவனத்தின் சரக்கு லாரியை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறார். அடுத்த ஆண்டு ஊர் திரும்ப இருக்கிறார். அப்போது கைக்கு வரும் பணிக்கொடையை நம்பி, மேற்கொண்டு கடனும் பெற்று, பிறர் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இப்போதே வாங்கிவிட மகனுக்கு ஆசை. “ஹஜ்ரத், மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா?” என்பது அவருடைய கேள்வி.

தடை என்று ஒரே சொல்லில் அடைத்துவிட நமக்கு மனம் வரவில்லை. அழகான ஊர்தியை விரும்புவது குற்றமன்று. திருக்குர்ஆனின் ‘நஹ்ல்’ அத்தியாயம் குதிரையைப் பற்றிப் பேசும்போது, ஏறிச் செல்வதற்கு என்பதோடு அலங்காரத்தையும் சேர்த்தே சொல்கிறது. விரைவும் விலக்கப்பட்டதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தொலைவு. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரே ஒரு மைல். விரைவுக்கு இடமும் எல்லையும் வகுக்கப்பட்டிருந்தன. பழகாததற்கு எல்லை இன்னும் குறுகியிருந்தது.

அதே நூலில் குதிரைகளை மூவகையாகப் பிரிக்கும் ஹதீஸ் ஒன்றும் உண்டு. இறைவழியில் வைத்திருப்பவருக்கு அது நற்கூலி. பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக வைத்து, அதற்குரிய கடமையையும் மறவாதவருக்கு அது திரை. பகட்டுக்காகக் கட்டி வைப்பவருக்கு அது சுமை. குதிரை ஒன்றுதான், வேறுபாடு அதை வைத்திருப்பவரின் எண்ணத்தில் இருக்கிறது. ஆகவே நாம் மாணவருக்கு விடை சொல்லாமல் மூன்று கேள்விகளைக் கொடுத்தோம். இது யாருடைய உழைப்பு? வாங்கிய பின் இதற்குத் தீனி போடுவது யார்? இது ஓடப்போகும் தரை எது?

முதற்கேள்விக்குச் சவூதித் தொழிலாளர் சட்டமே கணக்குச் சொல்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம். அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மாதச் சம்பளம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குக் கூட்டினால் வருவது பத்தொன்பதரை மாதச் சம்பளம். மகன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஓர் ஓட்டத்தின் முழு மிச்சம் அது. “அத்தாவிடம் கேட்டாயா?” என்றோம். “உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார், ஹஜ்ரத்.” மகன் வளர்ந்ததை விடுமுறை நாட்களில் மட்டுமே கண்ட தந்தைக்கு மறுக்கும் துணிவு எளிதில் வராது. மறுக்க இயலாதவரின் இசைவை இசைவு என்று கொள்ளலாகுமா?

இரண்டாம் கேள்விக்கு நம் நாட்டு வரலாறே சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னர்கள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து காயல் துறை வழியாகக் குதிரைகளை வரவழைத்தார்கள். கைஸ் தீவின் ஜமாலுத்தீன் மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்ததென்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். வழியில் குதிரை இறந்தாலும் விலை தந்தே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் ஆண்டு முடிவில் மிகச் சில குதிரைகளே எஞ்சின என்கிறார் மார்க்கோ போலோ. பொருந்தாத தீனி, பேணும் முறை அறியாமை, குதிரை மருத்துவரும் இல்லை. வணிகர்களோ அத்தகைய மருத்துவர் எவரும் இங்கு வராதபடி பார்த்துக்கொண்டார்களாம். வாங்கத் தெரிந்த நாட்டுக்கு வளர்க்கத் தெரியவில்லை.

அன்றைய ஒப்பந்தத்துக்கு இன்றைய பெயர் தவணை. பத்து இலட்ச ரூபாய்க் கடனுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 21,247 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 2,75,000. வட்டி நமக்கு ஆகாதது என்பது ஒருபுறம் இருக்கட்டும். புதுக் கார் ஒன்றுக்கே ஐந்தாம் ஆண்டில் இன்ஷூரன்ஸ் கணக்கில் பாதி மதிப்புதான் மிஞ்சும். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள சொந்தக் காருக்கு, 2022இல் வகுத்த கட்டணப்படி, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் ஆண்டுக்கு 7,897 ரூபாய். டயர், பெட்ரோல், உதிரிப் பாகம் ஆகியவை தனி. மோதி நொறுங்கினாலும் தவணை நிற்பதில்லை. வருமானம் இல்லாத மாணவர் இத்தனைக்கும் தந்தையின் பையையே நாட வேண்டும்.

இனித் தரையைப் பார்ப்போம். அரியலூர் வட்டாரம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு உணவு. ஆலைகள் இருக்கும் இடத்தில் லாரிகள் இருக்கும். லாரிகள் ஓடும் சாலையில் குழியும் புழுதியும் இருக்கும். வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர் என்று இந்தியச் சாலைப் பேரவை வகுத்துள்ளது. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் அடிவயிறோ தரையிலிருந்து 12 முதல் 14 சென்டிமீட்டரே உயர்ந்திருக்கும். ஊர்தோறும் மக்கள் தாமாகவே எழுப்பும் தடைகள் இந்த அளவுக்கா அடங்குகின்றன?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலை வழவழப்பானது என்பார் மாணவர். உண்மையே. ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் ஒரு நொடிக்குள் கார் கடப்பது ஏறத்தாழ 28 மீட்டர். ஆடு ஓட்டிவரும் கிழவியைக் கண்டு கால் பிரேக்கைத் தேடுவதற்குள் அத்தொலைவு போய்விடும். விரைவு இரட்டித்தால் பிரேக் பிடித்து நிறுத்தத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும் என்பதை அவருடைய பாடநூலே கூறும். விரைவைக் கலையாகப் பயில விரும்புவோருக்கு 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திடல் இருக்கிறது. கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் ஒன்று இருக்கிறது. மதீனாவில் எல்லை வகுத்தது போல இங்கும் வகுத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டபின் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஹஜ்ரத், அத்தா முழுக்க முழுக்கப் பிறர் வண்டியையே ஓட்டியவர். நம் வீட்டு வாசலில் ஒரு நல்ல வண்டி நிற்க வேண்டும் என்று நினைத்தேன்” என்றார். அவருடைய ஆசையில் பகட்டு மட்டுமே இருந்தது என்று இனி நாம் எப்படிச் சொல்வோம்? ‘குயலா’வோடு ‘கயால்’ கலந்திருந்தது. அந்தக் கனவின் நடுவில் தந்தை அமர்ந்திருந்தார்.

ஆயினும் அந்தக் காரில் இருக்கைகள் இரண்டு. திருச்சி விமான நிலையத்துக்கு அதை ஓட்டிச் சென்றால் தந்தைக்கு இடம் கிடைக்கும்; தாய்க்கும் தங்கைகளுக்கும் கிடைக்காது. இதை மட்டும் நாம் எடுத்துக் கூறினோம். படிப்பு முடியட்டும், சொந்தச் சம்பாத்தியம் வரட்டும், அப்போதும் ஆசை நிலைத்திருந்தால், தன் பணத்தில், வட்டியின்றி வாங்கட்டும். அந்நாளில் நாமே பிஸ்மில்லாஹ் சொல்லி வழியனுப்புவோம் என்றோம்.

அவர் முன்பணம் கொடுக்கவில்லை. தந்தையை மீண்டும் தொலைபேசியில் அழைத்து, இம்முறை கார் வேண்டும் என்று கேளாமல், “அத்தா, ஊருக்கு வந்து என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்டாராம். ஒருமணி நேரம் பேசினாராம் தந்தை. அப்பணத்துக்கு அவர் உள்ளத்திலும் ஒரு கயால் இருந்திருக்கிறது: பழைய வீட்டுக்கு மாடி, மகளுக்குத் திருமணம், எஞ்சினால் உம்ரா. அதைப் பற்றி அன்றுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.