பயணம் – 7: குளித்துவிட்டுக் குளிக்க வாருங்கள்

குளிக்க இறங்குமுன் குளித்திருக்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோ ஜப்பான் டவுனில், கியாரி பூலவார்டில் இருக்கும் கபுகி ஸ்பிரிங்ஸ் குளியல்கூடத்தில் முதல் விதி இதுதான். வளைகுடாப் பகுதித் தமிழர்கள் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு கோல்டன் கேட் பாலம், பதினேழு மைல் டிரைவ், லிவர்மோர் கோயில் எல்லாம் காட்டுகிறார்கள். இந்தக் குளியல்கூடத்துக்கு யாரும் அழைத்துப் போவதில்லை. போக வேண்டும் என்பது என் கட்சி.

ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயிலில் பவல் நிலையம், அங்கிருந்து கியாரியில் மேற்கே போகும் 38ஆம் எண் பஸ். ஒசாகா நகரம் அன்பளிப்பாகத் தந்த ஐந்தடுக்கு சமாதான பகோடா கண்ணில் பட்டதும் இறங்கிவிடலாம். அது நிற்கும் ஜப்பான் சென்டர் வளாகம் 1968இல் திறக்கப்பட்டது.

உள்ளே கைபேசி கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நாட்கள். எல்லாரும் சேர்ந்து வரும் நாளில் நீச்சலுடை கட்டாயம்; மற்ற நாட்களில் பெரும்பாலோர் ஒன்றும் உடுத்துவதில்லை. இடுப்பில் ஒரு துண்டாவது இல்லாமல் தண்ணீரில் இறங்காதே என்று பாட்டி சொல்லி வளர்ந்தவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவது இதனால்தான். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் யாருடைய கண்ணும் யார் மேலும் நிற்பதில்லை என்று தெரிந்ததும் அது போன இடம் தெரியவில்லை.

சுவரோரம் வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொன்றின் முன்னும் தாழ்வான ஒரு முக்காலி, ஒரு வாளி. பக்கத்து முக்காலியில் ஜப்பானிய அமெரிக்கர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர். அவர் குளித்த விதம் ஒரு பாடம். நின்றால் அடுத்தவர் மேல் தண்ணீர் தெறிக்கும் என்று உட்கார்ந்தபடியே ஊற்றிக்கொண்டார். காதின் பின்புறம், கால் விரல் இடுக்கு, குதிகால் என்று ஓர் இடம் விடாமல் சோப்புத் தேய்த்தார். நுரை முழுக்கப் போகும்வரை அலசினார். எழுந்ததும் முக்காலியையும் கழுவி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அடுத்து வருபவருக்கு” என்றார் என்னைப் பார்த்து. நானும் அப்படியே செய்தேன்.

அந்த நேரம் பார்த்து சானா அறையிலிருந்து ஓர் இளைஞன் வேர்வை சொட்டச் சொட்ட வந்து, நேரே வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்தான். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. “முதலில் ஷவர், தம்பி” என்கிற தொனியில் கையைக் காட்டினார். பையனும் முகம் சுளிக்காமல் போய்க் குளித்துவிட்டு வந்தான். குற்றாலத்தில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் தடை போட நீதிமன்றமே வரவேண்டியிருந்தது. இங்கே ஒரு பெரியவரின் விரல் போதுமானதாக இருந்தது. பலர் இறங்கும் தண்ணீரில் நம் அழுக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தரலாம்.

கலிஃபோர்னியாவில் பொது வெந்நீர்த் தொட்டியின் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 40 செல்சியஸ். கழுத்துவரை அமிழ்ந்தால் முதலில் தோள்பட்டை இளகும், பிறகு முட்டி. அப்புறம் குளிர்நீர்த் தொட்டி. ஒரே மூச்சில் முங்கி எழ வேண்டும், தயங்கினால் முடியாது. கிண்ணத்தில் கடல் உப்பு வைத்திருக்கிறார்கள், உடம்பில் தேய்த்துக்கொள்ள. யாராவது பேச்சை நீட்டினால் ஒருவர் எழுந்துபோய் அங்கிருக்கும் சேகண்டியைத் தட்டுவார். உடனே அமைதி.

இது ஊற்று நீர் இல்லை, நகரத்துத் தண்ணீரைச் சுடவைத்ததுதான். ஜப்பானில் 1948இல் வந்த ஒன்சென் (வெந்நீர் ஊற்று) சட்டப்படி, நிலத்தடியிலிருந்து வரும் நீர் குறைந்தது 25 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட தாதுக்கள் போதிய அளவில் இருக்க வேண்டும். திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அந்தச் சோதனையில் சுலபமாகத் தேறும். கபுகி தேறாது. டோக்கியோவில் தெருவோரப் பொதுக் குளியல்கூடத்துக்கு அரசே உச்சக் கட்டணம் விதிக்கிறது. 2024இல் அது 550 யென். கபுகியில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். குடும்பத்தோடு போனால் பர்ஸ் இளைக்கும். சைவக்காரர்களுக்கு இன்னொன்று: குளித்த பசியில் எதிரே போய் மிசோ சூப் கேட்காதீர்கள். பெரும்பாலும் அதன் அடிச்சாறே மீன்தான்.

நிஜமான ஊற்று எங்கே என்று பெரியவரைக் கேட்டேன். “கில்ராய்” என்றார். நம்மவர்களுக்கு கில்ராய் என்றால் பூண்டும் அவுட்லெட் கடைகளும்தான். ஊருக்கு வடகிழக்கே மலைக்குள் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. வாட்சன்வில்லில் லெட்யூஸ் பயிரிட்ட கியுசாபுரோ சகாட்டா அதை 1938இல் வாங்கி, கில்ராய் யமாட்டோ ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று பெயர் வைத்தார். நிலத்தில் உழைத்து முதுகு ஒடிந்த ஜப்பானியக் குடியேறிகள் அங்கே வந்து உடம்பை நனைத்துப் போனார்கள். நான்கே வருஷம். பிப்ரவரி 19, 1942 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசல் இழந்து முகாம்களுக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்களில் பலருக்குத் தங்க இடமில்லை. அப்போது அவர்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பாக இருந்ததும் இந்த ஊற்றுதான்.

பழைய ஹோட்டல் 1980இல் எரிந்துபோயிற்று. 2003இல் இடத்தை மாநிலம் வாங்கி, ஹென்றி கோ பூங்காவோடு சேர்த்தது. நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது; முன்கூட்டியே ஏற்பாடு செய்து, வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். இவ்வளவு பேரைத் தாங்கிய இடத்தைப் பூட்டியே வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒரு தொட்டியையாவது சீர்செய்து, தினமும் பொதுமக்கள் வந்து குளிக்கும்படி மாநில அரசு திறந்துவிட வேண்டும்.

அடுத்த பகுதியில் கலிஸ்டோகா. எரிமலைச் சாம்பல் கலந்த சேற்றுக் குளியல்.