சத்தம் போடாதவனைப் பாருங்க!

கோடை லீவு வந்தால் ஆபீஸில் லீவு லெட்டரும் வீட்டில் அல்டிமேட்டமும் ஒரே நாளில் கைக்கு வரும். ஊட்டி போகலாம் என்றால் 2024 மே மாதம் அதற்கும் இ-பாஸ் வந்துவிட்டது. ஆகவே மலை ஏறாமல் அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தி, 'இதுவும் ஜில்லுதான்' என்று குடும்பத்தை நம்ப வைக்கிற என் போன்றவர்களுக்காக ஏற்பட்டதுதான் வாட்டர் பார்க்.

மேட்டுப்பாளையம் பக்கம் அப்படி ஒன்றில், போன மே மாதம் எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா, மூட்டை முடிச்சு. மச்சான்கள் இருவரும் குழந்தைகளோடு அலைக் குளத்தில். நான் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பதினொரு ஜோடி செருப்புக்கு நடுவே, வியாபாரம் ஆகாத செருப்புக் கடை முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியிருப்பார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, ஷூ. தண்ணீரையே பார்த்தபடி உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ ஜபம் என்று நினைத்தேன். திடீரென்று, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உங்களுது எத்தனைங்க தம்பி?"

"பதினொரு ஜோடிங்க."

"செருப்பு இல்லைங்க. பசங்க."

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டோ? சந்தேகத்துடன், "அஞ்சு" என்றேன்.

"அஞ்சும் தெரியுதுங்களா?"

தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினேன்.

"அப்பச் சரி. அந்தச் சிவப்பு டவுசர் யாருதுங்க?"

"தெரியலீங்களே."

"பரவாயில்லீங்க. நீங்க வலது பக்கம் பாத்துக்கங்க. நான் இடது பக்கம் பாத்துக்கறேன்."

பார்க்கில் வேலை செய்கிறவரா என்று கேட்டேன். சிரித்தார். தீயணைப்புத் துறையில் இருந்து ரிடையர் ஆனவராம்.

"பேருதானுங்க தீயணைப்பு. நான் போனதில பாதிக்கு மேல தண்ணிக்குத்தான். கிணறு, குட்டை, நம்ம பவானி. பில்லூர் டேமுல தண்ணி திறந்துட்டா, கணுக்கால் தண்ணியில நின்னு குளிச்சவனுக்கு இடுப்புக்கு மேல வந்துரும். எத்தனையோ தடவை போயிருக்கறேன். 'காப்பாத்துங்கன்னு கத்தினான்'னு கரையில நின்ன ஒருத்தர்கூடச் சொன்னதில்லீங்க. 'இப்பத்தான் இங்க விளையாடிட்டு இருந்தான்'னுதான் சொல்லுவாங்க."

சைரன் ஊதியது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். வாட்டர் பார்க்கில் கடல் என்பது அவ்வளவுதான். அலை வந்ததும் குளமே 'ஓ'வென்று அலறியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"சத்தம் நல்லதுங்க தம்பி. கத்தறான்னா மூச்சு விடறான்னு அர்த்தம். சத்தம் போடாதவனைப் பாருங்க. ஒருத்தன் முங்கறான்னு தெரிஞ்சா, நீச்சல் தெரியாம நீங்களும் குதிச்சுராதீங்க. முதல்ல போறவன் சின்னப் பையன். அடுத்துப் போறது காப்பாத்தக் குதிக்கற உங்கள மாதிரி ஆளுங்கதான். வேட்டி, துப்பட்டா, கயிறு, காலிக் குடம், எது கிடைக்குதோ அதை வீசுங்க."

சொட்டச் சொட்ட ஒரு சின்னப் பெண் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தது. "தாத்தா, நீயும் வா!"

"தாத்தாவுக்குச் சளி புடிச்சிருக்குது கண்ணு."

பேத்தி போனதும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "இறங்கிட்டா எண்ண முடியாதுங்களே!"

கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மா வந்து சிவப்பு டவுசரைத் துண்டில் சுருட்டித் தூக்கிப்போனார். "ஒண்ணு குறைஞ்சுது" என்றார் பெரியவர். அன்று முழுக்க அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். பெரியவர் சொன்னதை நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர் காக்கும் வேலையில் இருந்த பிராங்க் பியா என்பவர் எப்போதோ படம் பிடித்தே காட்டியிருக்கிறார். மூழ்குகிறவருக்கு வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வந்து போகும். மூச்சு இழுக்கவே நேரம் போதாது, எங்கே கத்துவது? கையை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது. கை இரண்டும் தானாகத் தண்ணீரை அழுத்தும். தலை பின்னால் சாய்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரியே இருக்கும். இதெல்லாம் 20 முதல் 60 விநாடி. ஒரு ரீல்ஸ் பார்க்கிற நேரம்! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். சினிமாவில்தான் சார் மூழ்குகிறவன் மூன்று தடவை மேலே வந்து வசனம் பேசுகிறான்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். இந்தக் கோடையில் ஆறோ, குளமோ, வாட்டர் பார்க்கோ, எங்கே போனாலும் கரையில் ஓர் ஆள் செல்போன் இல்லாமல் உட்காரட்டும். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை? டேலி ஆகிற வரை வண்டியை எடுக்காதீர்கள்.

செருப்பு டேலி ஆகாவிட்டால் பரவாயில்லை!