துருத்தியின் துளைகள்

கொல்லன் உலையில் காற்றை ஊதுவதும் துருத்தி. பழைய மடிப்புப் புகைப்படக் கருவியில் ஆடிக்கும் படச்சுருளுக்கும் இடையே விரிந்து சுருங்குவதும் துருத்தியே. அங்கே துளை விழுந்தால் காற்று வெளியேறும். இங்கே ஒளி உட்புகும். கொல்லனுக்குச் சீறும் ஓசையாவது கேட்கும். ஒளி ஓசையின்றி நுழையும் கள்வன்.

நம் தந்தையார் 1974-இல், பின்னர் 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில், ஆக்ஃபா ஐசோலெட் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கினார். 120 சுருளில் சதுரமான பன்னிரண்டு படங்களைத் தரும் கருவி அது. ஒளிமானியின்றி வெயிலைக் கண்ணால் அளந்தே படமெடுப்பதில் அவருக்குப் பெருமிதம் உண்டு. 1996-க்குப்பின் எடுத்த படங்களில் அன்னையார் முகத்தின்மேல் வெண்புகைபோல் ஏதோ படியலாயிற்று. வெயிலைக் கணிக்கும் திறன் தம்மை விட்டுப் போயிற்றென்று அவரே தீர்ப்பெழுதிக்கொண்டு கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். 2009-இல் அவர் மறையும்வரை அது வெளிவரவில்லை.

சென்ற ஆண்டு அதனைத் தில்லிக்குக் கொணர்ந்து, பழைய நெகடிவ்களைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கறை படச் சதுரத்துக்குள் மட்டுமே இருந்தது. சுருளின் ஓரங்கள் தெளிவாயிருந்தன. பின்கதவில் கசிவு இருந்திருப்பின் ஓரமும் கறுத்திருக்கும். ஆகவே குற்றம் துருத்தியுடையது, தந்தையாரின் கண்ணுடையதன்று.

சாந்தினி சௌக்கின் கூச்சா சௌதரி அங்காடியில் புதுத் துருத்தி பொருத்தக் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய கருவியே வாங்கிவிடலாம். எழுத்தர் சம்பளத்தில் அது ஆகாது. வீட்டிலேயே முயன்றோம்.

இரவில் குளியலறைக் கதவிடுக்கில் துண்டைச் செருகி, துருத்தியை முழுதும் விரித்து, சிறு எல்.இ.டி. விளக்கை உள்ளே விட்டோம். மடிப்பு மூலைகளில் கார்த்திகை மீன்களைப்போல் ஒளிப்புள்ளிகள், எண்ணிக்கை பதினேழு. இவ்வகைக் கருவிகளின் செயற்கைப் பூச்சுத் துருத்தி மூலைகளில்தான் முதலில் வெடிக்கிறது. கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தில் சிறிது ஃபெவிகால் குழைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு வைத்தோம். மெல்லிய பூச்சு, உலர்ந்தபின் மற்றொன்று, அவ்வளவே. தடித்துவிட்டால் துருத்தி மடியாது. வலிந்து மடித்தால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். கறுப்பு நாடா ஒட்டுவோரும் உளர். கோடையில் அது நழுவிப் பிசினை மட்டும் விட்டுச்செல்லும். விரித்தபடியே இரண்டு நாள் உலர்த்தி, மடிப்புகள் ஒட்டாதிருக்க முகப்பவுடரைத் துளி தடவி ஊதிவிட்டோம்.

தை மாதம் அன்னையார் வந்திருந்தார். மாடி வெயிலில் அமர்த்தி, தந்தையார் வழியே வெயிலைக் கண்ணால் அளந்து, பன்னிரண்டு படங்களும் எடுத்தோம். கழுவி வந்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “அப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தானே இருந்திருக்கு” என்றார்.

பதினோராம் படத்தின் மூலையில் மட்டும் மெல்லிய வெண்கீற்று ஒன்று. இன்னும் ஒரு துளை எங்கோ இருக்கிறது. வரும் ஞாயிறு இரவு மீண்டும் குளியலறைக்குள் புக வேண்டும்.