செந்தூல்: பட்டறை வைத்த ஊர்

கோலாலம்பூருக்கு வடக்கே எங்கள் செலாயாங் ஊருக்குள் தண்டவாளம் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் தாமான் வாஹ்யூவுக்கோ பத்துமலைக்கோ போகவேண்டும். அங்கே ஏறித் தெற்கே வந்தால் செந்தூல். ரயில் நின்று போவதால் வளர்ந்த ஊர்கள் நிறைய. செந்தூல் ரயிலைப் பழுதுபார்த்தே வளர்ந்த ஊர்.

*

மலாயாவின் முதல் பாதை தைப்பிங் – போர்ட் வெல்ட், 1885 ஜூன் 1. மறு வருஷம் செப்டம்பரில் கோலாலம்பூர் – புக்கிட் கூடா. இரண்டுமே வெள்ளீயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்டவை. பேராக்குக்கு ஒன்று, சிலாங்கூருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த ரயில்வேக்களை 1901இல் ஒன்றாக்கினார்கள். நிர்வாகம் ஒன்றானதும் பெரிதாக ஒரு மத்தியப் பட்டறை தேவைப்பட்டது. அதற்கு அமைந்த இடம் செந்தூல். 1905ஐ ஒட்டிப் பட்டறை எழும்பியது. பத்துமலைக்குக் கிளைப்பாதை போனதும் அந்தக் காலத்தில்தான். பத்துமலைத் தைப்பூசம் அதற்கு முன்பே, 1892இல் தொடங்கிவிட்டது. முருகனுக்கு ரயில் கொஞ்சம் தாமதம்.

*

பட்டறை என்றதும் கொல்லன் பட்டறையை நினைக்கக் கூடாது. வார்ப்படம், கடைசல், கொதிகலன், தச்சு, பெயின்ட் எல்லாம் உள்ளேயே. உச்சத்தில் 5,000 பேருக்கு மேல் வேலை செய்ததாகச் சொல்வார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது டயர் மாட்டும் வேலை. ரயில் சக்கரத்துக்கும் டயர் உண்டு. ரப்பர் இல்லை, எஃகு வளையம். வளையத்தைச் சக்கரத்தைவிட ஒரு மயிரிழை சின்னதாகக் கடைவார்கள். அப்புறம் நெருப்பில் சுற்றிச் சூடேற்றினால் விரியும். விரிந்த நேரத்தில் சக்கரத்தில் மாட்டிவிட வேண்டும். ஆறும்போது அதுவே சுருங்கி இறுக்கிக்கொள்ளும். நம்மூரில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டவனுக்கு இந்த வித்தையை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அளவும் கணக்கும்தான் புதிது.

*

பிரிக்பீல்ட்ஸும் ரயில்வே ஊர்தான், ஆனால் வேறு ரகம். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலீஷ் படித்து வந்த குமாஸ்தாக்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள். ஸ்காட் ரோட்டில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில். செந்தூல் பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்த கை. இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினார்கள், ஆனால் பெண் கொடுத்து எடுப்பது என்று வந்தால் பேனாவும் சுத்தியலும் அவ்வளவு சுலபமாகச் சேரவில்லை. ரயில்வே பெருமை பேசும்போது இதை நைசாக விட்டுவிடுகிறோம்.

*

தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்வதானால், செந்தூல் எங்கள் பொன்மலை. வயதில் செந்தூல்தான் மூத்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பட்டறை திருச்சிப் பக்கம் பொன்மலைக்கு மாறியது 1920களின் கடைசியில். அதே நாகப்பட்டினத்தில் கப்பலேறித்தான் நம் ஆட்கள் பல பேர் இங்கே வந்தார்கள். அங்கே அன்று இருந்தது போலவே இங்கேயும் மீட்டர் கேஜ் பாதைதான்.

*

1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பி-29 விமானங்கள் வந்து பட்டறையையும் யார்டையும் குறிவைத்துக் குண்டு போட்டன. போட்டவன் ஜப்பான்காரன் இல்லை, நேச நாட்டுக்காரன். ஜப்பானியர் கையில் இருந்த ரயிலை முடக்குவது நோக்கம். மார்ச் 10ஆம் தேதி குறி தவறி, சிலாங்கூர் மியூசியத்தின் ஒரு பக்கமும் போனது. தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் சயாம் ரயில் பாதையில் செத்த அதே ஜப்பானியர் காலத்தில், செந்தூல்காரர்களுக்குச் சாவு தலைக்கு மேலே வந்தது.

*

சண்டைக்கு அப்புறம் பட்டறையைத் திரும்பக் கட்டினார்கள். 1957இல் நெடும்பாதை ரயில்களுக்கு டீசல் எஞ்சின் வந்தது. கொதிகலனைத் தட்டிப் பார்த்தே கோளாறு சொன்னவர்களின் பாதி வித்தைக்கு அதோடு வேலையில்லை. நீராவி ஒழிய இன்னும் பல வருஷம் பிடித்தது என்பதால் அடி மெதுவாகவே விழுந்தது. பின்னாளில் பட்டறை வேலையே பேராக்கின் பத்து காஜாவுக்குப் போய்விட்டது.

*

2005இல் மேற்குப் பக்கத்துப் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று நாடக அரங்கமானது. அழகாகவே செய்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். கோல்ப் மைதானமாக இருந்த இடம் பூங்கா, சுற்றிலும் கொண்டோமினியங்கள். 2010இல் கொமுட்டர் ரயில் செந்தூலைத் தாண்டிப் பத்துமலை வரை ஓடத் தொடங்கியதிலிருந்து, எங்கள் பக்கத்து ஆட்கள் செந்தூல் வழியாகவே நகரத்துக்குப் போகிறோம். பாரம்பரியம் என்று செந்தூலில் காப்பாற்றியதெல்லாம் செங்கலும் வளைவும்தான். டயர் மாட்டியவன் எவ்வளவு கூலி வாங்கினான், எந்த வீட்டில் குடியிருந்தான் என்பதையும் அந்தச் சுவரிலேயே ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். இடம் நிறைய இருக்கிறது.