வாடாத மாலையும் வாடிய பயணிகளும்

மலையே இல்லாத நிலத்தில் மலைகள் எழுந்து நிற்பதைக் காண விரும்புவோர் நெய்வேலிக்கு வரவேண்டும். சுரங்கத்தினின்று அகழ்ந்தெடுத்த மேல்மண்ணே இங்குக் குன்றுகளாய் உயர்ந்திருக்கிறது. 1930களில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருளொன்று நீரோடு வெளிவந்ததும், 1956இல் நிறுவனம் தோன்றியதும், 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும், 1962இல் முதன்முதலாக மின்சாரம் பிறந்ததும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாடம்போல் ஒப்பிக்கும் செய்திகள். அந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் நகரியம் இன்றும் உழைப்பாளர் ஊராகவே விளங்குகிறது.

உழைப்பாளர் ஊருக்கு உரிய திருநாள் மே முதல் நாள். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அந்நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக நிறுவினார். அந்தத் தச்சரைக் காப்பியத் தலைவராக்கித் தமிழில் பாடியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1711இல் தமிழகம் வந்து, 1726இல் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை நிறைவு செய்தவர். தேம்பாவணி என்றால் வாடாத மாலை. தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் பொருள் கொள்வர். அவர் கட்டிய கோணாங்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயம் எங்களுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அவர் நெடுநாள் தங்கித் திருக்காவலூர் எனப் பெயரிட்ட ஏலாக்குறிச்சியோ தெற்கே, கொள்ளிடக் கரைப் பக்கம். இரண்டையும் மிதிவண்டியில் சென்று தரிசிப்பது என்று கடந்த ஆண்டு எங்கள் பங்கைச் சேர்ந்த நால்வர் முடிவு செய்தோம். மூவர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள்; நான்காமவன் எங்களுள் ஒருவரின் தங்கை மகன், கல்லூரி மாணவன்.

மே முதல் நாள், விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். மந்தாரக்குப்பத்தைக் கடக்கையில் இரவுப் பணி முடியாத சுரங்கத்தின் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்புகள். இடையிடையே பலா மரங்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதன்பின் நட்ட கன்றுகள் இன்று மரங்களாய்க் காய்த்து நிற்பதைக் கண்டு மனம் மகிழ்ந்தோம். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றைத் தாண்டி, மங்கலம்பேட்டை வழியாக எட்டரை மணிக்குள் கோணாங்குப்பம் சேர்ந்தோம்.

அங்கே அன்னை தமிழ்ப் பெண்ணாய்ச் சேலை உடுத்தி நிற்கிறாள். கடல் கடந்து வந்த முனிவர், தம் நாட்டு உடையை நம் தாய்க்கு உடுத்தாமல், நம் உடையைத் தம் தாய்க்கு உடுத்தினார். ஆண்டுதோறும் சனவரி 23ஆம் நாள் விழாவிற்குப் பெருந்திரள் கூடும் அவ்வாலயம் அன்று அமைதியாய் இருந்தது. செபமாலை சொன்னோம், கொண்டுவந்த புளிச்சோற்றை உண்டோம்.

பிழை அங்கேதான் தொடங்கிற்று. வெயில் தாழும்வரை மரநிழலில் தங்கி, நான்கு மணிக்குமேல் புறப்படுவது என்பதே எங்கள் திட்டம். ஆனால் காலைப் பயணம் எளிதாய் முடிந்த களிப்பில், இரவுக்குள் அரியலூர் சேர்ந்துவிடலாம் என்று மூத்தவர்களாகிய நாங்கள் எண்ணிவிட்டோம். "மாமா, சாயங்காலம் போகலாமே" என்று பையன் ஒருமுறை சொன்னான். "எகிப்துக்கு நடந்தே போன சூசையப்பர் வெயிலுக்கு அஞ்சினாரா?" என்று நகைத்து அவன் வாயை அடைத்தோம். பத்தரை மணிக்கு வண்டியில் ஏறினோம்.

விருத்தாசலத்திற்குத் திரும்பி, பெண்ணாடம் சாலையில் செல்கையில் நண்பகல் ஆயிற்று. தார் உருகிச் சக்கரத்தில் ஒட்டியது. எதிர்க்காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வீசிற்று. பையன் பின்தங்கினான். "இந்த வயதில் இவ்வளவு சோர்வா?" என்று கேலியும் செய்தோம். சற்று நேரத்தில் அவன் வண்டி வளைந்து நெளிந்து சென்றது. கேட்ட கேள்விக்குத் தொடர்பின்றி விடை சொன்னான். நகரியத்தில் தன் வீட்டுத் தெருவில் இருப்பதாகப் பேசினான். பின் கரும்பு வயலோரம் சரிந்து விழுந்தான். தொட்டுப் பார்த்தோம், உடல் கொதித்தது. எங்கள் கையிலிருந்த நீரோ இரு மிடறு.

வயலுக்குள்ளிருந்து பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். "தம்பிய முதல்ல நிழலுக்குத் தூக்குங்க அய்யா, பேச்சு அப்புறம்" என்று அதட்டினார். மோட்டார்க் கொட்டகை அருகே கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, குழாய் நீரைத் தலைமுதல் கால்வரை இடைவிடாது ஊற்றினார். அவர் மனைவியார் ஈரத்துணியை அக்குளிலும் கழுத்திலும் வைத்து முறத்தால் விசிறினார். வாயில் நீர் ஊற்றப் போன எங்களை, "நினைவு சரியா வரட்டும், புரையேறிடும்" என்று தடுத்தார். அதற்குள் 108 வண்டியை அழைத்தோம். அது வருவதற்குமுன்னரே பையன் கண் விழித்து, "மாமா" என்றான். அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது எங்களுக்கு உயிர் வந்தது.

மருத்துவமனையில் மருத்துவர் சொன்னதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று. வெப்பத்தில் உடலின் சூடு 40 பாகை செல்சியசைத் தாண்டினால் மூளை முதலிய உறுப்புகள் கெடத் தொடங்கும். வியர்வை நின்றாலும் நிற்காவிட்டாலும், பேச்சுக் குழறினால் அது வெறும் களைப்பன்று, அதுவே வெப்பவாதம். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்வரை காத்திராமல், இருந்த இடத்திலேயே நீரால் குளிர்விக்க வேண்டும். "அங்கே ஊற்றிய தண்ணீர்தான் இவரைக் காப்பாற்றியது" என்றார் அவர்.

எங்களுள் இருவர் வண்டிகளோடு அப்பெரியவர் வீட்டில் தங்கினோம். மாலை ஐந்து மணியளவில் மேற்கே வானம் கறுத்தது. புழுதிக் காற்றைத் தொடர்ந்து இடியும் மின்னலும் வந்தன. வண்டிகளை எடுத்துப் புளிய மரத்தடியில் ஒதுக்க ஓடியவர்களை, "மரத்தடி வேணாம், உள்ள வாங்க!" என்று கூவி அழைத்தார். சிறிது நேரத்தில் வயல் வரப்பில் நின்ற பனையொன்றின் தலையில் இடி விழுந்து பற்றி எரிந்தது. ஓட்டு வீட்டின் திண்ணையைவிட்டு உள்ளே சென்று அமர்ந்தோம். ஒரே நாளில் இருமுறை அவர் எங்களைக் காத்தார்.

இரவு கேழ்வரகுக் கூழ் தந்தார்கள். நாங்கள் நெய்வேலி என்றதும் பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். அவர் தந்தையாரின் நிலம் சுரங்கத்திற்குப் போன நிலமாம். சொந்த ஊர் இன்று இல்லை. இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. அந்தப் பணத்தில் வாங்கியதே இந்த வயல். "கோபம் இல்லைங்களா?" என்று தயங்கிக் கேட்டோம். "இருந்துச்சு. இப்ப உங்க ஊரு கரண்டுலதானே எங்க மோட்டாரு ஓடுது, அந்தத் தண்ணிதானே தம்பிக்கு ஊத்துனது" என்றார். அவர் வீட்டு மாடத்தில் வள்ளலார் படம் ஒன்று இருந்தது. அதன்முன் சிறு விளக்கு எரிந்தது.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஆலய உச்சியினின்று குதிக்கச் சொன்ன அலகைக்கு ஆண்டவர் அளித்த மறுமொழி நினைவிற்கு வந்தது. பக்தி என்று நாங்கள் பெயரிட்டது பக்தியன்று. வயது போகவில்லை என்று காட்டும் வீம்பு. சூசையப்பர் வெயிலைப் பொருட்படுத்தாமல் சென்றது மெய்தான். ஆனால் அவர் தம்மோடு இருந்த குழந்தையைக் காப்பதற்காகச் சென்றார். நாங்களோ எங்களோடு வந்த பிள்ளையை வெயிலில் இட்டோம்.

ஏலாக்குறிச்சி சேராமலே ஊர் திரும்பினோம். அங்கு வீற்றிருப்பவள் அடைக்கல அன்னை. அவள் இல்லம் போய்ச் சேருமுன்னரே, வேறு சமயத்தார் ஒருவரின் மோட்டார்க் கொட்டகையில் எங்களுக்கு அடைக்கலம் கிடைத்துவிட்டது. பையன் நலமடைந்தான். அவன் தாயிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அதுவே அப்பயணத்தின் மிகக் கடினமான கல்தொலைவு.

சனவரியில், பனிக் காலத்தில், மீண்டும் புறப்பட்டோம். இம்முறை பையனே முன்னே சென்றான். நிற்க வேண்டும் என்று அவன் சொன்ன இடத்தில் நின்றோம். பெண்ணாடம் சாலையில் அந்த வயலருகே இறங்கி, பெரியவருக்குப் பலாக்கன்று ஒன்று கொடுத்தோம். மோட்டார்க் கொட்டகைப் பக்கம் அவரே குழி தோண்ட, பையன் கன்றை நட்டு, அதே குழாயிலிருந்து முதல் நீரை ஊற்றினான்.