பூட்டிய கதவும் திறந்த கடலும்

2022-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள். தலைமன்னாரில் விடியுமுன் கடலில் இறங்கிய சிறுமி ஒருத்தி, அன்று மாலை நம் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் கரையேறினாள். நீந்திய தொலைவு 29 கிலோமீட்டர்; நேரம் 13 மணி 10 நிமிடம். பெயர் ஜியா ராய். மும்பையில் பணிபுரிந்த கடற்படை மாலுமி ஒருவரின் மகள். அன்று அவளுக்கு வயது 13. இதே பாக் நீரிணையை 2004-இல் கடந்த புகழ்பெற்ற வீராங்கனை புலா சௌத்ரிக்கு 13 மணி 52 நிமிடம் ஆயிற்று என்பதை நினைவிற் கொண்டால், அவள் செய்தது இன்னதென விளங்கும்.

ஜியாவுக்கு ஆட்டிசம் எனும் குறைபாடு உண்டு. பேச்சு அவளுக்கு எளிதில் வரவில்லை. அதற்கொரு பயிற்சிமுறையாகவே பெற்றோர் அவளை நீச்சலில் சேர்த்தனர்.

இச்செய்தியை வாசித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. பல்லாண்டுகட்கு முன், கடலோரப் பங்கொன்றில் நாம் பணியாற்றுகையில் ஒரு தாய் தம் ஏழு வயது மகனோடு வந்தார். பேசாத பிள்ளை, சற்றே கண்ணயர்ந்தால் கடலை நோக்கி ஓடிவிடுவான். “என்ன செய்யட்டும், சாமி?” என்று கண்ணீர் வடித்தார். “கதவைப் பூட்டியே வையம்மா” என்றோம். அக்கதவு பல்லாண்டு பூட்டியே கிடந்தது.

இத்தகைய குழந்தைகள் பலரை நீர் ஈர்க்கும்; ஆபத்தை அவர்கள் உணரார்; நீரில் மூழ்கி இறப்போரும் உளர். ஆகவே கண்காணிப்போடு நீச்சலும் கற்பிக்க வேண்டுமென மருத்துவர்கள் கூறுவதை நாம் பின்னரே அறிந்தோம். அப்பையனின் தகப்பனோ சங்கு குளிப்பவர்! வீட்டிலேயே ஆசான் இருக்க, பூட்டைக் காட்டினோமே.

ஜியா அத்தோடு நிற்கவில்லை. 2024 ஜூலையில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாயை 17 மணி 25 நிமிடத்தில் கடந்தாள். குளிர்ந்த நீர், துணைக்கு வரும் படகைக் கையால் தொடவும் கூடாது என்பது விதி.

சென்ற மாதம் அவ்வூருக்குச் சென்று, இன்று இளைஞனாகிவிட்ட அம்மகனின் பெற்றோரிடம் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். தாய் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் மட்டும் எழுந்து, மகனின் கையைப் பிடித்துப் பெண்கடலுக்கு அழைத்துச் சென்றார். இடுப்பளவு நீரில் இருவரும் நின்றார்கள். இருட்டும்வரை மகன் கரையேற மறுத்துவிட்டான்.